நுன்ஸியோவின் கோட்டு

நுன்ஸியோவின் சவப்பெட்டி அருகே அன்று மதியம் இருந்தவர்கள் அவன் அக்கா ஃபிலோமினா, மனைவி ரொசாரியா, மகன் டொமினிக், சித்தப்பா மகன் கார்மைன், பாதிரியார் அன்செல்மோ. பெண்கள் இருவரும் ஒரு கறுப்புக் கோட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கப்பா கையால தைச்சது. இதைப் போட்டுக்கிட்டுத்தான் போவான்,” என்றாள் ஃபிலோமினா.

“ரவுடி வேஷத்துல ரத்தத்துல பொரண்ட கோட்டு அது, அக்கா. அதோட அவரைக் கோயிலுக்குக் கொண்டு போக மாட்டேன்.”

“கறை எங்க இருக்கு, காட்டு.”

“கறுப்புத் துணியில எது தெரியும்?”

“யாரு சொன்னா உனக்கு?”

ரொசாரியா கார்மைனைப் பார்த்தாள். கார்மைன் சன்னலைப் பார்த்தான்.

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் நுன்ஸியோ ரவுடியாகத் தலைகாட்டிய படம் ஒன்று. ஹாலிவுட்டில் கும்பலில் நிற்கப் போகிறவர்கள் சொந்த உடுப்போடு போகவேண்டும். நுன்ஸியோ அப்பாவின் கல்யாணக் கோட்டைக் கேட்காமல் எடுத்துப் போய், படத்தின் கள்ளச்சாராயக் கொட்டகையில் சுடப்பட்டு விழுந்தான். தையற்காரரான அப்பா பாஸ்குவாலேயின் வீட்டில் அந்தப் படத்தை யாரும் பார்த்ததில்லை. கறை என்ற பேச்சைத்தான் ஃபிலோமினா இத்தனை வருடமும் கேட்டிருந்தாள்.

“சண்டை வேணாம் அத்தை. படம் எங்கிட்ட இருக்கு,” என்றான் டொமினிக். ஸ்டுடியோ நண்பனிடம் வாங்கி வந்த சுருளை அவன் ஓட்டினான்.

சுவரில் கட்டிய விரிப்பில் துப்பாக்கிகள் வெடித்தன, பீப்பாய்கள் உடைந்தன. இளம் நுன்ஸியோ சாய்ந்தான். ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றிய சாக்லேட் பாகு அவனை நோக்கி ஊர்ந்து வந்தது. ஃபிலோமினா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள்.

செத்துக் கிடந்தவனின் கை மெல்ல நீண்டது. கோட்டின் நுனியை இழுத்து முழங்காலுக்கு அடியில் செருகியது. பிறகு மறுபடியும் செத்தது.

முதலில் சிரித்தவர் பாதிரியார். “இன்னொரு தரம் போடுப்பா.”

“வீட்டுலயும் இதே கதைதான்,” ரொசாரியா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “தக்காளிக் குழம்பைப் பார்த்தா சட்டையைக் கழட்டிட்டுத்தான் உக்காருவாரு.”

“செத்த பிறகும் பெரியப்பா மேல பயம் அவனுக்கு,” என்றான் கார்மைன்.

“மரியாதைடா,” என்றாள் ஃபிலோமினா.

ரொசாரியாவே கோட்டைத் தூசி தட்டி அவனுக்குப் போட்டுவிட்டாள். ஃபிலோமினா அதன் நுனியை எடுத்து முழங்காலுக்கு அடியில் செருகினாள்.

நுன்ஸியோவை ரத்தக்கறைக் கோட்டோடு புதைத்தார்கள் என்று அவர்கள் பகுதியான லிங்கன் ஹைட்ஸ் கடைத்தெருவில் இன்னும் சொல்கிறார்கள். தவறு. அந்தக் கோட்டில் சாக்லேட் பாகுகூடப் பட்டதில்லை.