இரண்டாவது சக்கரம்

நிற்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் முத்தாரம்மாளின் வலது கால் பெடலைப் பின்னுக்கு அழுத்தியது. பெடல் மறுபேச்சில்லாமல் வெறுமனே சுழன்றது. சைக்கிள் நிற்கவில்லை. அவளுடைய கைகள் இரண்டும் ஹாண்டிலை விட்டுவிட்டு, சர்க்கஸ் வளையத்தில் சனங்களுக்கு முன்னால் விரிவதுபோல அழகாக விரிந்தன. அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் வண்டிப் பேட்டையின் சிமெண்டுத் தரை வந்து முழங்கையில் மோதியது. மதியச் சோறு தின்றுவிட்டுக் கைவண்டிகளின் நிழலில் படுத்திருந்த, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களில் ஒருவன் கண்ணைத் திறந்து பார்த்து, நேற்று விழுந்தது இதைவிட நன்றாக இருந்தது என்பதுபோலத் திரும்பிப் படுத்தான்.

சர்க்கஸில் அவள் ஓட்டின ஒற்றைச் சக்கர சைக்கிளில் பெடலும் சக்கரமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. முன்னால் மிதித்தால் போகும், பின்னால் மிதித்தால் வரும், இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டால் நிற்கும். பிரேக் கிடையாது, ஹாண்டில் கிடையாது; கைகளுக்கு வேலை காற்றைப் பிடிப்பதுதான். பாவாடை கட்டின வயதில் அப்பன் கொண்டுபோய்ச் சர்க்கஸில் விட்ட நாளிலிருந்து அவள் கால்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. துபாயிலிருந்து வந்த இந்த இரண்டு சக்கர சைக்கிளோ வேறு பாஷை பேசியது. கால் சொன்னதைக் காதில் வாங்காது. கையை எடுத்தால் கோபித்துக்கொள்ளும்.

அவளுடைய சர்க்கஸ் போன மழைக்காலத்தில் திருவனந்தபுரம் புத்தரிக்கண்டம் மைதானத்தில் கலைந்தது. கூடாரத்தை ஒருவன் எடுத்தான், மிருகங்களை ஒருவன் எடுத்தான், ஜெனரேட்டரை ஒரு கல்யாண மண்டபத்துக்காரன் எடுத்தான். ஆட்களை மட்டும் எவனும் விலை கேட்கவில்லை. முத்தாரம்மாள் ஒரு தகரப் பெட்டியும் ஒற்றைச் சக்கரமுமாக, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த அக்கா மாடம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்கா புருஷன் பிச்சைக்கனிக்கு அரிசி மண்டியில் எடைபோடும் வேலை. கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எதுவும் ஓரிடத்தில் அதிக நாள் கிடந்தால் வண்டு விழும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. கொழுந்தியாளுக்கும் ஒரு கிராக்கி கண்டுபிடித்தார். பொன்முடி எஸ்டேட்டில் கங்காணி ஆறுமுகசாமி. பெண்டாட்டி செத்தவர், பிள்ளைகள் உண்டு, கூலிக்காரர் லயத்து வரிசையில் ஒரு வீடு உண்டு. ஊர் எப்படியிருக்கும் என்று முத்தாரம்மாள் கேட்டதற்கு, மலைதான், வளைஞ்சு வளைஞ்சு ரோடு ஏறும், நல்ல குளிர் என்றார். சமதரை உண்டா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அப்போதுதான் அதே மைதானத்தில் வேறொரு சர்க்கஸ் கூடாரம் அடித்தது. மேனேஜர் குஞ்ஞம்பு தலச்சேரிக்காரர், அவளைப் பழைய நாளிலேயே தெரியும். ஒற்றைச் சக்கரத்துக்கு முழங்கால் தேயாத சின்னப் பெண்கள் தன்னிடம் இருக்கிறார்கள் என்று நயமாகச் சொன்னார். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லி, வளைகுடாக்காரன் ஒருவன் வீட்டு வீடியோவில் பார்த்ததைச் சொன்னார். வெளிநாட்டுப் பிள்ளைகள், குட்டைச் சைக்கிள், பி.எம்.எக்ஸ் என்று பேர். மேடு ஏறுவதும் இல்லை, பள்ளம் தாண்டுவதும் இல்லை. வெறும் சமதரையில், நின்ற இடத்திலேயே அந்தச் சைக்கிளோடு டான்ஸ் ஆடுகிறார்கள். அதை இங்கே ஒருத்தி செய்தால் போஸ்டரில் அவள் படத்தைச் சிங்கத்துக்கு மேலே போடுவேன் என்றார்.

"உனக்கு அறியுமோ, முத்தாரி?"

"ஒண்ணுல ஓட்டுதவளுக்கு ரெண்டு எம்மாத்திரம்?" என்றாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகக் குஞ்ஞம்பு சொன்னார்.

அந்த மாதிரிச் சைக்கிள் திருவனந்தபுரத்தில் ஒன்றே ஒன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. கோமதிநாயகத்தின் சைக்கிள் கடையில், உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. துபாயிலிருந்து மகனுக்காகக் கொண்டுவந்த ஒருவன், மகனுக்குப் பிடிக்காமல் அங்கே விட்டுவிட்டுப் போனது. வாங்க வந்தவர்களெல்லாம் அதைச் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேறு சைக்கிளுக்கு டியூப் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"இது ஓட்டுததுக்கு உண்டான சைக்கிளே இல்ல, பிள்ளே," என்றார் கோமதிநாயகம். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல. ஒரு மூட்டை அரிசி வைக்க எடமில்ல. முன்சக்கரத்து அச்சுல ரெண்டு பக்கமும் குழா நீட்டிக்கிட்டு நிக்கி, அது எதுக்குண்ணு கொண்டுவந்தவனுக்கே தெரியாது. பால்கேன் தொங்கவிடவாக்கும்ணு நான் ஆளுகள்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

சொந்தச் சரக்கைத் தானே குறை சொல்லுகிற வியாபாரி வேறெதற்கோ கண் வைத்திருக்கிறார் என்று சாலையில் அரிசி பொறுக்குகிற காக்கைக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்தது. சாயங்காலம் கடைத்தெருவில் கூட்டம் நெரிகிற நேரம் அவள் ஒற்றைச் சக்கரத்தில் கடைக்கு முன்னால் ஓட்டவேண்டும், மாரிலும் முதுகிலும் கடைப்பேர் எழுதின போர்டு கட்டிக்கொண்டு. அதற்குப் பதிலாக மதிய நேரத்தில் துபாய் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம்.

"முதுகுல மட்டும் கெட்டுதேன், அண்ணாச்சி. முன்னால கெட்டினா முட்டு இடிக்கும்."

"முன்னாலதான பிள்ளே ஆளு பாக்கும்?"

"நான் நிக்கவே மாட்டேனே. கடந்து போன பெறவுதான் அதிகமாப் பாப்பாவ."

கோமதிநாயகம் அதை மனதுக்குள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முதுகுக்கு இறங்கி வந்தார். பேரம் ஜெயித்த சந்தோஷத்தில் அவள் ஒன்றை மறந்துபோனாள். அந்தக் கூட்டத்தில் மண்டி விட்டு வீட்டுக்குப் போகிற பிச்சைக்கனியும் இருப்பார்.

இருந்தார். தலையைக் குனிந்து கடந்து போனார். வீட்டில் அக்காவிடம்தான் பேசினார், அவள் காதில் விழும்படி. மாட்டைக்கூட யாரும் கடைத்தெருவில் போர்டு கட்டி ஓட்டுவதில்லை என்றார். நாலு பேர் நாலுவிதமாகச் சொல்லி அது மலையேறிப் பொன்முடிக்குப் போவதற்கு முன்னால் காரியத்தை முடித்துவிட வேண்டும், கங்காணியை வெள்ளிக்கிழமையே வந்து பெண் பார்க்கச் சொல்லிவிட்டேன் என்றார். மாடம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகை அன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க முத்தாரம்மாள் விழுவதும் கூடியது. அவளுக்குப் பயம் விழுவதில் இல்லை. விழத் தெரியாதவள் சர்க்கஸில் பிழைத்திருக்க முடியாது. பயம் அவள் காலைப் பற்றித்தான். எத்தனை தடவை சொன்னாலும் அது பின்னுக்கே மிதித்தது. பெடல் பிடிப்பில்லாமல் சுழன்றது. மாடிப்படி இறங்குகையில் இன்னும் ஒரு படி உண்டு என்று காலை வைத்து ஏமாறுவதைப்போல. நாள் முழுக்க அந்த இல்லாத படியிலேயே அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கடை மெக்கானிக் சாம்பசிவனிடம் போனாள். பின்னுக்கு மிதித்தால் பெடலை வெறுமனே சுழலவிடுகிற ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ஒட்டிவிடச் சொன்னாள், சக்கரமும் பெடலும் சேர்ந்தே சுற்றும்படி. அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அப்படிச் செய்தால் பிறகு மனுஷன் எவனும் அதை ஓட்ட மாட்டானே என்றான். நான் ஓட்டுவேன் என்றாள். கோமதிநாயகம் சாப்பிடப் போன நேரத்தில் நெருப்புப் பொறி பறந்தது.

அவர் திரும்பி வந்து பார்த்தார். பெடலைக் கையால் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்து, சக்கரமும் கூடவே முன்னும் பின்னும் ஆடுவதைக் கவனித்தார்.

"கேட்டியா, பிள்ளே. வெள்ளிக்கிழமை அந்த மேனேஜர் வேண்டாம்ணு சொல்லிட்டாருண்ணா, இதும் விலைபோவாது, நீயும் விலைபோவ மாட்ட."

ஆனால் வெல்டிங் வைத்த சைக்கிள் அவள் பாஷையைப் பேசியது. பின்னுக்கு மிதித்தால் நின்றது. முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, கைகளை விரித்து, பின்சக்கரம் ஒன்றிலேயே பேட்டையைச் சுற்றி வந்தாள், நின்ற இடத்தில் சுழன்றாள், பின்பக்கமாகவே போனாள். சுமட்டுக்காரர்கள் தூக்கத்தை விட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குஞ்ஞம்பு வந்து ஒரு கைவண்டியின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். ஒரு இடத்திலும் விழவில்லை. சுமட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள். கோமதிநாயகம் தன் கடைச் சரக்கைக் காட்டுவதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். குஞ்ஞம்பு மட்டும் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"முத்தாரி, இது உன்றெ பழைய ஐட்டம் தன்னே அல்லே?" என்றார் வருத்தத்தோடு. "ஒரு வீல்ல ஓடுறெ. மத்தெ வீலைச் சும்மா சொமந்துட்டுப் போறெ. அது எந்தினா, எதுக்கு?"

அவர் எழுந்து வந்து, முன்னச்சில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைச் செருப்பு நுனியால் தட்டினார்.

"வீடியோவில் அவன்மார் இதில் கேறி நிக்கும். முன்னில் உள்ளது தரையில், பின்னில் உள்ளது மேலே. அறியுமெங்கில் காட்டு. இல்லெங்கில் எனக்கு மேட்டினிக்கு நேரமாச்சு."

இத்தனை நாளாக அவள் கணுக்காலைக் கிழித்துக்கொண்டிருந்த குழாய் அது. ஏறி நிற்க வேண்டுமென்றால் முன்பிரேக்கைக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடித்த கையை விடக்கூடாது. முன்சக்கரத்துக்குப் பெடல் இல்லை. அவள் கால் கற்றதெல்லாம் அங்கே செல்லாது. வெல்டிங் வைத்து ஒட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் பின்சக்கரம் எழும்பின நொடியில் கைகள் ஹாண்டிலை உதறிவிட்டுக் காற்றுக்குப் போயின. மூன்றாவது தடவை தாடை கிழிந்தது. குஞ்ஞம்பு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

பேட்டை வாசலில் மாடம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, கங்காணி வந்து இருந்தாச்சு. அத்தான் வாசலுக்கும் தெருவுக்குமா நடக்காரு. மொகத்தைக் கழுவிட்டு வா." பிறகுதான் அவள் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். தாடை, முழங்கை, கணுக்கால், அந்தச் சைக்கிள் எல்லாவற்றையும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் மாடம்மாள் ஒரு நாளும் சர்க்கஸ் பார்க்க வந்ததில்லை.

"இன்னும் எவ்வளவு நேரமாவும்?" என்றாள்.

"தெரியலக்கா."

மாடம்மாள் யோசித்தாள். "அந்த மனுசன் முறுக்கு தின்னுதாரு. பல்லு சரியில்ல, மெதுவாத்தான் தின்பாரு. அதுக்குள்ள பாரு."

முத்தாரம்மாள் கீழே கிடந்த சாக்குச் சணலை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"இந்தக் கையை பிரேக்கோட சேத்துக் கெட்டு."

"விழுந்தா?"

"விழுந்தா கையும் கூட வரும்."

அரிசி மண்டிக்காரன் பெண்டாட்டிக்கு மூட்டை கட்டத் தெரியும். மாடம்மாள் சணலைச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். விரல்கள் வெளுத்தன. அவள் விலகவில்லை, கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றாள். குஞ்ஞம்பு பாதி திரும்பினவர் அப்படியே நின்றார்.

முத்தாரம்மாள் பேட்டையின் அந்தக் கோடிக்குப் போய், வேகமாக மிதித்து வந்தாள். கட்டின கை பிரேக்கை இறுக்கியது. இடது கால் பெடலை விட்டு, தேடித் தேடி, குழாயின் மேல் பதிந்தது, வலது காலும் பெடலை விட்டு மறுபக்கக் குழாய்க்கு வந்தது. கட்டாத கை ஒருமுறை துடித்து, ஹாண்டிலிலேயே இருந்தது. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. மேலே, அவள் முதுகுக்குப் பின்னால், வெல்டிங் வைத்த அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது. அதோடு சேர்ந்து பெடல்களும், கால் இல்லாமல், முன்னுக்குப் போய்க்கொண்டேயிருந்தன.