மொட்டைக்கு எதுக்குச் சீப்பு

நாகூருக்குச் சைக்கிளிலேயே போகப் போகிறேன் என்று ஜம்புலிங்கம் சொன்ன அன்றே அவன் பெண்டாட்டி அம்சாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கடலுக்குப் போகிறவன் நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொள்வது புதிதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் பாதிப் பேர் அங்கே போய் மொட்டை போட்டு வந்தவர்கள்தான். ஆனால் அவர்களெல்லாம் செங்கல்பட்டில் ரயிலேறிப் போனார்கள், பெண்டாட்டியோடு போனார்கள். இவன் மட்டும் மீன்கூடை கட்டுகிற சைக்கிளில், தனியாகப் போகிறானாம்.

என்ன வேண்டுதல் என்று கேட்டாள். "வெளிய சொன்னா பலிக்காது" என்றான். பிரெஞ்சுக்காரன் போனதும் பாண்டிச்சேரி எல்லையில் சுங்கச் சாவடியை எடுத்துவிட்டார்கள், இனிமேல் மூட்டையைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தான். பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒருத்தி இருப்பது அவனுக்குத் தோன்றவில்லை.

முதலில் மூட்டையில் ஏறியதெல்லாம் நியாயமான சாமான்கள். பம்பு, ஸ்பேனர், பஞ்சர் ஒட்டச் சொல்யூஷன், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் துண்டுகள், இருட்டில் போலீஸ்காரன் பிடிக்காமலிருக்க மண்ணெண்ணெய் விளக்கு. அம்சாவும் வழிக்குப் பொரிமாவு இடித்துக் கொடுத்தாள். அப்புறம் பார்த்தால் அலுமினியத் தட்டு இரண்டு, லோட்டா இரண்டு, போர்வையும் இரண்டு.

"ஒரு ஆளுக்கு இன்னாத்துக்குய்யா ரெண்டு தட்டு?"

"ஒண்ணு வழியில தொலஞ்சா?"

போர்வையும் தொலையுமா என்று அவள் கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்து அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது அது மறுபடியும் மூட்டைக்குள் இருந்தது.

மறுநாள் சைக்கிள் கேரியரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மீன் கவிச்சி போக வேண்டுமாம். கழுவிக் காயவைத்து, கோணியை மடித்து, உள்ளே பஞ்சு திணித்து, மெத்தென்று ஒரு இருக்கை வேறு கட்டினான். அம்சா அதே கேரியரில் எத்தனையோ தடவை திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போயிருக்கிறாள். கம்பி தொடையில் பதிய, மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்காக ஒரு கந்தலை மடித்துப் போட்டதில்லை இந்த மகராசன்.

அவளுக்கு வயிறு எரிந்தது. யாருக்கு இந்த ராஜ உபசாரம்? குப்பத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் சந்தேகம் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தது.

பக்கத்து வீடு ஜம்புலிங்கத்தின் தம்பி மாரியுடையது. மாரி கார்த்திகைப் புயலில் போனவன். வருஷம் மூன்றாகப் போகிறது. கட்டுமரம் கரை ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் தாலியை அறுக்க மாட்டேன் என்று அவன் பெண்டாட்டி சொர்ணம் பொட்டும் வளையலுமாகவே இருந்தாள். போன மாசம்தான் ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பேசி, வைக்கோலில் உருவம் செய்து கொளுத்தி, ஆடி அமாவாசையில் கருமாதியை முடித்துவிடலாம் என்றார்கள். சொர்ணம் ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு "ஆவட்டும்" என்றாள். அதற்கப்புறம் பாதித் தூக்கத்தில் எழுந்து கடற்கரைக்கு ஓடுவதை விட்டுவிட்டாள். சரியாக அதே சமயத்தில் இவனுக்கு வேண்டுதல் வந்திருக்கிறது! ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று அம்சா பல்லைக் கடித்தாள்.

புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் அவன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனதும் மூட்டையை அடிவரை பிரித்தாள். ஒரு துணிக்குள் மாட்டுக்கொம்புச் சீப்பும், பக்கத்தில் தேங்காயெண்ணெய்ப் புட்டியும் இருந்தன.

மொட்டை போடப் போகிறவனுக்குச் சீப்பு எதற்கு?

அதற்குமேல் பொறுக்க அவள் என்ன கல்லா? சீப்போடு விடுவிடென்று பக்கத்து வாசலுக்குப் போனாள். சொர்ணம் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தாடி, ஒன் சீப்பு. வழியில தல வாரணும் இல்ல? தட்டு கீது, போர்வ கீது, குந்துறதுக்கு மெத்தகூட கீது. நீ ஏறிக் குந்துனா வண்டி கெளம்பிரும்."

சொர்ணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் பல் ஒடிந்திருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இது என்து இல்லக்கா. அவருது."

"எவருது?"

"அவருதுதான். அந்தச் சுருட்ட முடிக்கு வேற சீப்பு எறங்காது. பல்ல ஒடச்சதே அந்த முடிதான். இது எங்க போச்சுன்னு நான் தேடாத எடமில்ல."

தலையில் ஈரம் சொட்ட ஜம்புலிங்கம் ஓடி வந்தான். சீப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"அடிப்பாவி! இத்தப் போயி இவகிட்ட ஏன் காட்டுன?"

இனி மறைத்து என்ன பயன்? சொல்லிவிட்டான். கருவாட்டு வியாபாரி தேவசகாயம் நாகூர் தர்காவில் ஒருத்தனைப் பார்த்தானாம். பேச்சில்லை, எந்த ஊர் என்று தெரியவில்லை. சுருட்டை முடி, மாரி ஜாடை.

"ஜாடைதான்றான். அவன் கண்ண நம்பி நான் இன்னா சொல்ல? ரயிலு குப்பத்துக்குக் குப்பம் நிக்குமா? சைக்கிள்னா வழி நெடுக விசாரிச்சுகினே போலாம். கெடச்சா இட்டாந்து வாசல்ல எறக்கிடலாம். இல்லாங்காட்டி மொட்டத் தலையோட வந்து கருமாதிய முடிச்சிடலாம். இவளுக்குத் தெரியவே வேணாம்னு நெனச்சேன்."

அம்சாவுக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. சொர்ணத்தின் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். அவள் அங்கே இல்லை. உள்ளே தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் கையில் மடித்த சட்டை ஒன்று இருந்தது.

"மாமா, இதையும் வெச்சுக்க. ஊரான் சட்டையப் போட மாட்டாரு. தோள்ல இறுக்குதுன்னாரு, அப்பவே பிரிச்சுத் தெச்சு வெச்சுட்டேன். இப்ப எளச்சிருப்பாரு, தொளதொளன்னு இருந்தாலும் பரவால்லன்னு சொல்லு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அமாவாச காரியமெல்லாம் வேணாம்னு பெரியவங்ககிட்ட நான் சொல்லிடறேன்."

ஜம்புலிங்கம் சட்டையை வாங்கிக்கொண்டான். அம்சாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விடியலில் சைக்கிள் கிளம்பியபோது சொர்ணம் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். புருஷன் தனியாகத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு சாமானாக வேவு பார்த்த அம்சா அவள் பக்கத்தில் நின்றாள். இப்போது, ஐயோ, இவன் தனியாகத் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று அவளும் நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டாள்.