அவள் மூட்டை அல்லள்

அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்த அநியாயம் இதுதான்: பிள்ளை பெறவிருந்தவள் படுக்கையறையில் முழு நினைவோடும் தெளிந்த புத்தியோடும் இருந்தாள், முன்னறையில் இருந்தவர்களோ, அவளை ஒரு வார்த்தை கேளாமல் ஆம்புலன்சை வரச் சொல்லிவிட்டார்கள்.

இதை முதலில் அறிந்தவள் அவளுடைய நாத்தனார். வெந்நீர்ப் பையை நிரப்புவதற்காகச் சமையலறைக்கு வந்தவளின் காதில், பால்கனிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பேசியில் பேசிய தம்பியின் குரல் விழுந்தது.

"மூணாவது மாடிங்க. லிஃப்ட் இருக்கு. ரொம்ப வலியில இருக்கா. உடனே கொண்டு போயிடணும்."

"யாரைடா கொண்டு போகணும்?"

தம்பி திரும்பினான். ஏசி பழுது பார்ப்பவன்; ஆறடி உயரம்; அம்மாவின் முன்னால் மட்டும் மூன்றடி. சோபாவில் இருந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நான்தான் கூப்பிடச் சொன்னேன்," என்றாள் அம்மா. "உள்ளே அவ கத்துறது உனக்குக் கேக்கலையா? காதுல பஞ்சா வெச்சிருக்க?"

"நல்லாவே கேக்குது. கத்துறவளைப் பத்திக் கவலையே வேண்டாம். கத்தாம பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாத்தான் நான் யோசிப்பேன்."

"வந்துட்டா வக்கீல்."

வக்கீல் என்பது வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். அவள் சட்டம் படித்தவள் அல்லள். சிறு வயதில் அடி விழும்போதுகூட, எதற்காக இந்த அடி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அழத் தொடங்குவாள். அதனால் ஒட்டிய பெயர். அவளுடைய தொழில் பேறுகாலத் துணை. வலி தொடங்கியது முதல், பிள்ளையைப் பெற்றவள் கண்ணயரும் வரை, அவள் பக்கத்தில் இருப்பது; இடுப்பை அழுத்திவிடுவது; அவள் சொல்வது பிறர் காதில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வது. இந்தத் தொழிலை ஏற்ற நாளில் அம்மா நடத்திய விசாரணையைச் சொல்லிச் சொல்லி உறவினர்கள் இன்றும் சிரிக்கிறார்கள்.

"ஊசி போடுவியா?"

"மாட்டேன்."

"குழந்தையை எடுப்பியா?"

"அது மருத்துவச்சி வேலை."

"அப்போ நீ என்னதான் கிழிப்ப?"

"கூட இருப்பேன்."

"கூட இருக்கிறதுக்குச் சம்பளமா? அப்படின்னா உங்கப்பாகூட இத்தனை வருஷம் இருந்ததுக்கு எனக்கு யாரு குடுப்பா?"

உள்ளே வலியில் இருந்தவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் டிரைவர்தான், நாத்தனாருக்கும் அப்படியே. நான்கு ஆண்டுகளுக்கு முன் மூத்தவளை மருத்துவமனையில் பெற்றாள். அங்கே எல்லாரும் அவளுடைய தலைக்கு மேலே பேசினார்கள். அன்று பேசப்பட்ட வாக்கியம் ஒன்றிலாவது அவள் எழுவாயாக இருந்ததில்லை. "இவளைத் திருப்பு" என்று இரண்டாம் வேற்றுமையிலும், "இவளுக்குப் போடு" என்று நான்காம் வேற்றுமையிலுமே இருந்தாள். கேளாமல் வெட்டினார்கள்; மரத்துப்போக மருந்து பிடிக்கும் முன்னரே தைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

இம்முறை வீட்டில்தான் என்பது அவளுடைய முடிவு. முறையாகப் பயின்று உரிமம் பெற்ற மருத்துவச்சி, வீட்டாருக்கு சிஸ்டர், மாதந்தோறும் வந்து பார்த்தாள். மருத்துவரும் தடை ஏதும் இல்லை என்றார். மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. "போகணும்னா நானே முதல்ல சொல்வேன்," என்று மருத்துவச்சி எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்திருந்தாள். தம்பி தலையாட்டினான். வாயைத் திறவாதிருந்ததைச் சம்மதம் என்று கொண்டால், அம்மாவும் சம்மதித்திருந்தாள்.

"சிஸ்டர் இப்போ என்ன சொன்னாங்க?" என்று நாத்தனார் தம்பியைக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னாங்க."

"உன் பொண்டாட்டி என்ன சொன்னா?"

"அவளே வலியில துடிச்சுக்கிட்டு இருக்கா. அவகிட்டப் போய் என்னத்தைக் கேக்குறது?"

"வலி இடுப்புல. வாய்க்கு என்ன கேடு?"

அம்மா எழுந்து நின்றாள். "நீ யாரு வீட்டுப் பொண்ணுடி? நாத்தனாரா லட்சணமா எங்க பக்கம் நிக்கிறதை விட்டுட்டு, அவளுக்குக் கொடி பிடிக்கிற."

"நாளைக்கு உன்னை யாராவது கேக்காம எங்கேயாவது கொண்டு போனா, அப்பவும் நான்தான் வந்து நிப்பேன். அன்னைக்கு இந்தக் கேள்வியைக் கேளு."

அம்மாவின் அச்சம் வெறும் பிடிவாதம் அன்று. அவளுடைய தங்கை வீட்டுப் பிரசவத்தில் இறந்தவள். அந்த வீட்டில் பயின்றவர் எவரும் இல்லை. வாசலில் வண்டியும் இல்லை. நாத்தனாருக்கும் அது தெரியும். ஆகவே குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சித்தியை நினைச்சு நீ பயப்படுறது புரியுதும்மா. பயப்படு. வேண்டாம்னு சொல்லலை. ஆனா உன் பயத்துக்காக அவளைத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது."

அழைப்பு மணி அடித்தது. சீருடை அணிந்த இருவர் மடக்குப் படுக்கையோடு வாசலில் நின்றனர். மூத்தவர் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"பேஷண்ட் எங்கேம்மா?"

"பேஷண்ட் யாரும் இல்லைங்க. பிள்ளை பெத்துக்கிட்டு இருக்கிற பொம்பளை ஒருத்தி இருக்கா."

"கொண்டு போகணும்னு போன் வந்துச்சே."

"கொண்டு போறதுக்கு அவ என்ன மூட்டையா? வர்றியான்னு கேட்டா, வர்றேன், வரலைன்னு அவளே சொல்லுவா. கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. நீயும்தான்டா."

படுக்கையறையில் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. டிரைவர் தரையில் மண்டியிட்டு, கட்டிலின் விளிம்பில் நெற்றியைப் பதித்திருந்தாள். மருத்துவச்சி அவளுக்குப் பின்னால் அமர்ந்து, சிறு கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலியின் அலை ஏறிக்கொண்டிருந்தது. நாத்தனார் உள்ளங்கைகள் இரண்டையும் அவளுடைய இடுப்பில் ஊன்றி அழுத்தினாள். அலை உச்சிக்குப் போய், தளர்ந்து, இறங்கியது. அதன் பிறகே வாயைத் திறந்தாள்.

"உன் வீட்டுக்காரன் ஆம்புலன்சைக் கூப்பிட்டுட்டான். வாசல்ல நிக்குது. சிஸ்டர், உள்ளதைச் சொல்லுங்க."

"துடிப்பு நல்லா இருக்கு. குழந்தை இறங்கிடுச்சு. போகணும்னு நான் சொல்லமாட்டேன். போக ஆசைப்பட்டா, இப்பவும் போகலாம்."

"கேட்டியா? நீ சொல்லு."

டிரைவர் தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் வியர்வை.

"பஸ்ஸுல பின்சீட்டுல உக்காந்துக்கிட்டு, வளைவு வந்தா தரையைக் காலால அமுக்குவாங்க, பார்த்திருக்கீங்களா அண்ணி? பிரேக்குன்னு நினைப்பு."

"பார்த்திருக்கேன்."

"அவரையும் அத்தையையும் அப்படியே அமுக்கிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. வண்டி நிக்காது."

நாத்தனார் அந்தச் செய்தியை ஓர் எழுத்தும் குறையாமல் முன்னறையில் ஒப்பித்தாள். ஆம்புலன்ஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேறு அழைப்பு வரும் வரையில் கீழேயே நிற்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ஏதாவது ஆயிட்டா?"

"அதைப் பார்த்துக்கத்தான் சிஸ்டர் இருக்காங்க. நீ உள்ள போய் அவ கையைப் பிடிச்சுக்கோ. விரலை முறிச்சாலும் வாயைத் திறக்காத."

அவன் உள்ளே போனான்; உண்மையிலேயே வாயைத் திறக்கவில்லை. திறந்தவள் அம்மா. குழந்தையின் தலை தெரியத் தொடங்கிய நேரம் அது. இனி முக்கக் கூடாது, மெல்ல ஊதி ஊதி மூச்சு விடவேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"முக்கு தாயி. நல்லா முக்கு. ம்ம்ம். அப்படித்தான். ம்ம்ம்."

"அம்மா," என்றாள் நாத்தனார், "நீ முக்காத. உனக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

டிரைவர்தான் முதலில் சிரித்தாள். பிறகு மருத்துவச்சியால் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே, முக்காமல் திணறாமல், தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த அலையில் உடம்பும் வந்தது. பெண். வந்ததும் வராததுமாக ஊரைக் கூட்டி அழுதாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நாத்தனாருக்கு முழு வெற்றி. ஆனால் நஞ்சுக்கொடியும் வந்த பிறகு மருத்துவச்சி விளக்கைச் சாய்த்துப் பார்த்து, கையுறையைக் கழற்றினாள்.

"ரத்தம் கட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா கிழிசல் கொஞ்சம் ஆழம். இதை இங்கே தைக்கிறதைவிட ஆஸ்பத்திரியில தைக்கிறது நல்லது. நாளைக்குன்னு தள்ளிப்போட வேண்டாம்."

இப்போது கட்சிகள் தலைகீழாயின. பேத்தியைக் கண்ட அம்மாவுக்கு அதற்குமேல் எந்த வம்பும் வேண்டியிருக்கவில்லை.

"பச்சை உடம்பு. இதுக்குமேல எதுக்கு அலைக்கழிக்கணும்? அதான் நல்லபடியாப் பிறந்தாச்சே."

"ஆமாக்கா," என்றான் தம்பி. "இங்கேயே தைக்கச் சொல்லுங்களேன்."

நாத்தனாரின் நாக்கும் அதே சொல்லை எடுத்துவிட்டது. தான் திருப்பியனுப்பிய வண்டியில் தானே ஏறுவதா? வீட்டில் பெறுவேன் என்று குதித்தவர்கள் கடைசியில் ஆம்புலன்சில் போனார்கள் என்று உறவினர் நாளை கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா? "வேண்டாம் சிஸ்டர், இங்கேயே..." என்பது வரை சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. கிழிந்தது தன் உடம்பு அன்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் தன்னுடையது அன்று. மிச்சத்தை விழுங்கிவிட்டு டிரைவரின் பக்கம் திரும்பினாள்.

"நான் பேச வேண்டிய இடம் இல்லை இது. நீ சொல்லு."

"போறேன்," என்றாள் டிரைவர்.

"வலிக்கும்டி. அங்கே வேற..." என்று அம்மா தொடங்கினாள்.

"லீவு முடிஞ்சு பஸ் சீட்டுல நாள் முழுக்க உக்காந்து வண்டி ஓட்டப்போறது நீங்க இல்லை அத்தை, நான். தையல் ஒழுங்கா இருக்கணும். போறேன். படுத்துக்கிட்டு வரமாட்டேன், சக்கர நாற்காலி இருந்தா அதுல உக்காந்து வர்றேன். பிள்ளை என் மடியில இருக்கும். அண்ணி கூட வருவாங்க. மருந்து பிடிச்சிருக்கா இல்லையான்னு நான் சொன்னப்புறம்தான் தையல் ஊசியை எடுக்கணும். அதையும் அங்கே நானே சொல்லிக்கிறேன்."

மருத்துவச்சி உடனே, உட்காருவதற்குத் தோதாகத் துணியை மடித்து வைத்தாள்.

ஆம்புலன்ஸ் இன்னும் கீழேதான் நின்றது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் விரைந்து வந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவளைத் தாண்டி, நின்றுகொண்டிருந்த தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்களுக்கு எப்போ டெலிவரி ஆச்சு? மரத்துப்போற ஊசி போட்டா ஒத்துக்குமா?"

தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாத்தனார் குறுக்கிடவில்லை, இம்முறை தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டியவன் அவனே என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் மருத்துவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"அவங்களைக் கேளுங்க டாக்டர்."

மருத்துவர் குனிந்து அவளைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"சாயங்காலம் பெத்தேன்," என்றாள் டிரைவர். "ஊசி ஒத்துக்கும். நல்லாப் பிடிக்கட்டும். நான் சொல்றவரைக்கும் காத்திருங்க."

அவர் காத்திருந்தார்.

இதைப் படிக்கும் நீங்கள் முன்னறையில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவராகவே பெரும்பாலும் இருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவளிடம் இன்றே, பொழுது சாய்வதற்குள் போங்கள். "அன்று உன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை உங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள்.