ஆதிகேசவன் குடித்த பச்சைத்தண்ணி

கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், ஒரு சொம்புத் தண்ணீரின் கதையைச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு மாசி மாதத்தில், திருவள்ளூரிலிருந்து வந்த ஆபீசர் ஆதிகேசவன் பதினெட்டு நாள் தரையில் கால் படாமல் மிதந்தார். அந்த மாதம் பழவேற்காட்டில் இறால் மலிவு, மழை இல்லை.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பக்கம், ஆளிச் சிப்பி வளர்க்க சர்க்கார் போட்ட ஓர் ஓட்டுக்கொட்டகை இருந்தது. அங்கே ஜாடி கழுவ வந்தவள் கனகாம்பாள். ஒரு கடுகுக்குள் நூறு ஆளிக் குஞ்சு அடங்கும். அவ்வளவு சின்ன வாய்க்கு என்ன ஊட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அரிசி மாவைக் கரைத்து ஊற்றினார்கள்; வயிறு நிறைய மாவோடு குஞ்சுகள் செத்தன. தோல் தடித்த பாசியைக் கொடுத்தார்கள். அது உள்ளே போன மாதிரியே முழுசாக வெளியே வந்தது. கனகாம்பாள்தான் முகத்துவாரத் தண்ணீரை மொண்டுவந்து, மெல்லிய தோலும் உள்ளே எண்ணெய்ப் பசையுமான பொடிப் பாசியைப் பிரித்தெடுத்தாள். கடலைப் புண்ணாக்கு ஊறிய நீர், ஒரு சிட்டிகை யூரியா, டியூப்லைட் வெளிச்சம், மணிக்கொரு தரம் ஒரு குலுக்கல். ஜாடியெல்லாம் வாழைக்குருத்து நிறத்துக்கு வந்தது. கொட்டகையில் அதற்குப் பெயர் பச்சைத்தண்ணி. குடிக்கிற தண்ணீரை உப்புக்கரைக்காரர்கள் நல்லதண்ணி என்றுதான் சொல்வார்கள்.

கொட்டகையை மூடும் உத்தரவோடு ஆதிகேசவன் வந்த காலையில் மூன்று லட்சம் குஞ்சுகள் பொரிந்திருந்தன. அவர் கையெழுத்துப் போட்டால் தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதுதான்.

"பதினெட்டு நாளு குடுங்க சார். நீந்திக்கினு இருக்கறதெல்லாம் சுண்ணாம்பு பூசின ஓட்டுல ஒட்டிக்கும்," என்றாள் கனகாம்பாள்.

"மூணு வருசமா ஒட்டாதது இப்ப ஒட்டிடப் போவுதா?" என்ற ஆபீசருக்குத் தொண்டை வறண்டது. "காபி வாணாம், கலரும் வாணாம். ஒரு சொம்பு பச்சைத்தண்ணி குடுங்க, போதும்."

காவல்காரன் தேசப்பன் ஜாடியிலிருந்து மொண்டு கொடுத்தான். ஆபீசர் அண்ணாந்து குடித்ததால் நிறத்தைப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்தார். செருப்பு இரண்டும் தரையில் நின்றன; அவர் மேலே போனார்.

"இன்னாடா குடுத்த?" என்று அலறினாள் கனகாம்பாள்.

"அவருதான் பச்சைத்தண்ணி கேட்டாரு, அக்கா!"

பேனா ஏரியில் விழுந்தது, உத்தரவு பையிலேயே தங்கியது. கடற்காற்று அவரை ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் வரை தள்ளிக்கொண்டு போனது. செக்போஸ்ட்டில் இவர் ஆளா, சரக்கா என்று அரை நாள் வாதாடி, காற்று திரும்பியதும் விட்டுவிட்டார்கள். குஞ்சுகளைப் போலவே அவரும் சுற்றிச் சுற்றி நீந்தினார், சோறு கேட்கவில்லை, காரணமில்லாமல் சிரித்தார். படகு தள்ளும் கழியின் முனையில் சொம்பைக் கட்டி கனகாம்பாள் இரண்டு வேளையும் பச்சைத்தண்ணி நீட்டினாள். ஆபீசருக்குக் கன்னத்தில் சதை வைத்தது. தொட்டியில் குஞ்சுகளுக்கும் சதை வைத்தது.

பதினெட்டாம் நாள் குஞ்சுகள் கால் நீட்டி, சுண்ணாம்பு பூசிய ஓடுகளைத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒட்டின. கனகாம்பாள் தொட்டிக்கும் வாசலுக்கும் ஓடி ஓடிச் சிரித்தாள், அழுதாள். அதே நேரத்தில் ஆதிகேசவனும் இறங்கி, சுவரைத் தடவி, தூணைத் தடவி, மீந்த சுண்ணாம்பை அவள் பூசி வைத்திருந்த வாசற்படியில் உட்கார்ந்தார். தேசப்பன் இழுத்தான். சட்டைப் பொத்தான் வந்தது, ஆள் வரவில்லை.

அவர் மனைவி கோவிந்தம்மா ரயில் மாறி, பஸ் மாறி வந்து சேர்ந்தாள். இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இருபது வருசமா ஊட்டுல ஒரு நாள் ஒட்டாத மனுசன், இங்க வந்து ஒட்டிக்கினியாய்யா?"

ஆதிகேசவன் வெட்கப்பட்டு, பக்கத்தில் இருந்த வெற்றுப் படியைத் துண்டால் துடைத்தார். அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"தொண்ட காயுது கனகு. ஒரு சொம்பு பச்சைத்தண்ணி குடும்மா."

"எந்தப் பச்சைத்தண்ணி, அக்கா?"

"அவரு குடிச்சதுதான்."

அவளும் பதினெட்டு நாள் மிதந்து, அவருக்கு ஒரு சாண் தள்ளி இறங்கினாள். ஆபீசர் இருக்கும் இடத்தில் ஆபீசை மூட விதியில்லை என்று மேலிடம் எழுதியது. கனகாம்பாள் பாசி வளர்த்தாள், ஆளி பெருகியது. எழுபத்தேழு புயலில் கூரை போனது, அவர்கள் இருவரும் போகவில்லை. தேசப்பன் அவர்களைச் சுற்றிப் பெருக்கினான், பொங்கலுக்குப் படிக்குச் சுண்ணாம்பு அடித்தான்.

உங்கள் வீட்டில் நல்லதண்ணி வற்றாமல் இருக்கட்டும், கண்ணுங்களா. ஒரு சொம்பு பச்சைத்தண்ணியும் இருக்கட்டும். மிதந்து திரிகிறவர்கள் எல்லாம் உங்கள் வாசற்படியில் வந்து ஒட்டிக்கொள்ளட்டும்.