ரோசம்மாள் நிறுத்திய லாரிகள்

ஆரம்பாக்கத்துப் பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் போகும் ஜி.என்.டி. ரோட்டைத் தாண்டினால்தான் பள்ளிக்கூடம். லாரிக்காரன் எவனுக்காவது அது உறைத்ததா? எழுபத்து நாலில் ஒரு படுபாவி, சைக்கிளில் பள்ளிக்கூடம் போன ஊர்ப் பையன் பாக்கியராஜை இடித்துக் காலை ஒடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். அன்று சாயங்காலமே ஜெயராஜ் தன் மனைவி ரோசம்மாளிடம் முடிவாகச் சொன்னான்.

"விக்டோரியா இனிமே ஸ்கூலுக்குப் போவ வேணாம். புள்ள உசுரோட இருந்தா போதும்."

தார் ரோடு போடும் வேலையில் ஜல்லி சுமப்பவள் ரோசம்மாள். மகளாவது நிழலில் உட்கார்ந்து நாலெழுத்து படிக்கட்டும் என்றுதான் அந்த அனலில் வேகிறாள். பிள்ளைக்கு நிற்காத லாரி, ரோடு வேலைக்குக் காட்டும் சிவப்புக் கொடிக்கு மட்டும் நிற்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

"நான் நிறுத்துறேன்யா லாரிய. அப்போ அனுப்புவியா?"

"நீ நிறுத்துற வரைக்கும் போவட்டும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு வேலைக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். அட, நின்றானே ஒவ்வொருத்தனும்! விக்டோரியாவோடு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் தாண்டினார்கள்.

"இங்க ரோடு வேலையே இல்ல, எதுக்கும்மா கொடி?" என்று ஒரு டிரைவர் கத்தினான்.

"புள்ளைங்க போறது தெரியல? கம்முனு குந்து."

நாலாம் நாள் சேதி மேஸ்திரி பூவராகவன் காதுக்குப் போனது. "கவருமெண்டு கொடி உங்கப்பன் ஊட்டு சொத்தா?" என்று பிடுங்கிக்கொண்டார். "நாளைலேர்ந்து கும்மிடிப்பூண்டில வேலை. எட்டரைக்கு குவாரில வந்து ஜல்லி லாரில ஏறு, இல்லேன்னா வராத."

அழுதால் ஆகுமா? வீட்டுக்குப் போய்த் தன் சிவப்புப் பாவாடையைக் கிழித்து ஒரு மூங்கில் கழியில் கட்டினாள். பக்கத்து வீட்டு கிரேஸிடம் நீட்டினாள்.

"நாளைக்கு நீ நில்லு."

"ஐயே! பாவாடையக் காட்டியா லாரிய நிறுத்துவாங்க? மானம் போவும்டி!"

"போனா போவுது. புள்ளைங்க போய்ச் சேரட்டும்."

கிரேஸ் கழியை வாங்கிக்கொண்டாள். நிற்பேன் என்று சொல்லவில்லை.

காலையில் ஜல்லி லாரி ஆரம்பாக்கத்தை நெருங்கும்போது, மேலே உட்கார்ந்திருந்த ரோசம்மாளுக்கு, கிரேஸ் நிற்பாளா என்ற ஒரே நினைப்பு. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டான். எட்டிப் பார்த்தாள். நடுரோட்டில் கிரேஸ்! கூடவே ஊர்ப் பெண்கள் நாலு பேர். பிள்ளைகள் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் பக்கத்தில் இருந்த மேஸ்திரி தலையை நீட்டினார். "எவ அவ? அது இன்னா துணி?"

"என் பாவாடை, மேஸ்திரி!" என்றாள் ரோசம்மாள், எல்லாருக்கும் கேட்க.

ஜல்லி மேலிருந்த ஆட்கள் சிரித்த சிரிப்பில் லாரியே குலுங்கியது. மேஸ்திரி வெடுக்கென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். விக்டோரியா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. ரோசம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜல்லி மேல் எழுந்து நின்றாள்.

டிரைவர் கியரைப் போட்டான். கீழே கேபினிலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

"இருய்யா, இன்னா அவசரம்? அதோ, ஒரு புள்ள ஸ்கூல் பையத் தூக்கிக்கினு ஓடியாருது பாரு."