பிழையில்லாத பக்கம்

ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியும் அயர்ன் மேசைகள் ஓயவில்லை. அன்றைக்கு அனுப்ப வேண்டிய சட்டைகள் மலையாகக் கிடந்தன. கேன்டீனில் கரும்பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு டீச்சர் காத்திருந்தாள். தொழிலாளிகளுக்கு இங்கிலீஷ் எழுதச் சொல்லித்தர கம்பெனி அவளை வைத்திருந்தது. ஒருவழியாக, தலையில் நூல் பிசிறோடு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கண் சொக்கியது.

சொக்காதவள் ஒருத்தி இருந்தாள். அயர்ன் பிரிவுக்காரி. எதைப் பார்த்தாலும் "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" என்று நச்சரிப்பதால் அவளுக்கு டிக்‌ஷனரி என்றே பேராகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். உள்ளூரப் பெருமைதான்.

வீட்டில் எழுதிவரச் சொன்ன தலைப்பு 'என் வேலை'. மற்றவர்கள் பலகையில் இருந்ததை அப்படியே எழுதி வந்திருந்தார்கள். இவள் மட்டும் தானாக எழுதியிருந்தாள்: ஸ்டீம் பைப் லீக். அக்கா ஹேண்ட் பர்ன். ஐ ஃபியர்.

"என்னம்மா, தந்தி அடிச்சிருக்கே?" என்றாள் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"நெஜமாத்தான் டீச்சர். பழைய துணியைச் சுத்திக் கட்டி ஓட்டிக்கிட்டிருக்கோம். பெரியக்கா கையைப் பாருங்க."

அயர்ன் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்கா சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "அடப்பாவமே" என்றாள் டீச்சர். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து வரிக்கு வரி சுழித்தாள். "முதல்ல போர்டுல இருக்கறதைத் தப்பில்லாம எழுதிப் பழகு. சொந்தமா அப்புறம் எழுதலாம்."

பலகையில் இருந்தது டீச்சரே பஸ்ஸில் வரும்போது யோசித்து எழுதியது. என் வேலை நல்ல வேலை. மேனேஜர் அன்பானவர். எங்கள் இடம் சுத்தமானது, பாதுகாப்பானது. சின்னச் சின்ன வார்த்தைகளாக, பழகச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் எழுதினாள். அது உண்மையா என்ற கேள்வி அப்போது அவளுக்கு எழவே இல்லை.

சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. தொழிலாளிகளைத் தங்கள் வேலையைப் பற்றி இங்கிலீஷில் எழுதச் சொல்லுவாளாம். மேனேஜர் டீச்சரைத் தனியே கூப்பிட்டார். "கிளாஸ் தொடர்றதும் நிக்கிறதும் அன்னைக்குத்தான் தெரியும்."

டீச்சர் அந்தப் பயத்தை வகுப்பில் இறக்கி வைத்தாள். "என்கிட்ட எத்தனை தப்பு வேணா பண்ணுங்க. அவங்க முன்னாடி ஒண்ணுகூட வரக்கூடாது. என் மானம் உங்க கையில."

அயர்ன் பிரிவு வேறு கணக்குப் போட்டிருந்தது. "நீ பைப்பைப் பத்தி எழுதிடுடி" என்றாள் பெரியக்கா. "வாயால சொன்னா மேனேஜர்தான் மொழிபெயர்ப்பாரு. சட்டினியா அரைச்சுடுவாரு. எழுதினா நேரா அந்தம்மா கைக்குப் போகும்."

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள் டிக்‌ஷனரி.

அந்த அம்மா வந்தாள். அயர்ன் மேசைக்கே வந்து, அங்கே நின்ற டிக்‌ஷனரியிடம் தாளையும் பேனாவையும் நீட்டினாள். டிக்‌ஷனரி பைப்பில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். அது அன்றைக்கென்று துவைத்த வெள்ளைத் துணி. பிறகு டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் பேனா தடங்கலில்லாமல் ஓடியது. வந்தவள் படித்துவிட்டு "வெரி குட்" என்று கை குலுக்கினாள், தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் பெரியக்கா ஓடி வந்தாள். "எழுதிட்டியா?"

டிக்‌ஷனரி அடுத்த சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"என்னடி எழுதினே?"

"போர்டுல இருந்ததை."

"அடி பாவி! ஏன்டி?"

"நம்மளுதை எழுதத்தான்க்கா பேனாவைப் புடிச்சேன். டீச்சர் சுழிச்ச செவப்புதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நம்ம விஷயத்தை எழுதினா தப்பாப் போகுது. போர்டுல இருந்ததுலதான் தப்பே வரல."

அந்தப் பக்கமாக வந்த டீச்சரின் காதில் அது விழுந்தது. கார் இன்னும் கேட்டைத் தாண்டியிருக்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் வகுப்பு தொடரும் என்று மேனேஜர் சற்று முன்புதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அதற்காகப் பிறகு பல நாள் தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கியபோது டிக்‌ஷனரி சில நாள் வரவில்லை. வந்த அன்று வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. விரல் நுனிகள்கூட வெளியே தெரியவில்லை.

டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவை அன்று அவள் எடுத்து வரவில்லை. "பைப்பைப் பத்தி எழுதும்மா. உன் வார்த்தையிலயே எழுது. எத்தனை தப்பு வந்தாலும் சரி, நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

டிக்‌ஷனரி கட்டுப் போட்ட கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். "இப்ப சொல்றீங்களே டீச்சர்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

கேன்டீன் சுவரில் அவள் எழுதிய பக்கத்தைக் கம்பெனி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. புதுப் பிள்ளைகள் அதன் கீழே வரிசையாக நின்று, ஒரு எழுத்துகூடப் பிசகாமல், அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.