சுற்றாத விசிறி

என் மகள் அனுப்ரியாவுக்குக் குழந்தை பத்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. பிறந்தபோது எடை ஒன்றேகால் கிலோ. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற மருத்துவமனையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு வாரம் கிடந்தாள் பேத்தி. அந்த ஏழு வாரமும் வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. அனு நேரம் பார்த்துப் பால் எடுத்துக்கொண்டு போனாள். மருமகன் ஜெய் டாக்டர்களிடம் பேசினான். என் மனைவி லீலா பத்தியச் சமையல் செய்து அடுக்குப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு போவாள், போகிற வழியில் கோயிலில் இறங்கி அம்மனிடமும் நச்சரித்துவிட்டுப் போவாள். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு வருவேன். இதைச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமா என்று எனக்கே எரிச்சலாக இருக்கும்.

அதனால்தான் காரில் கைவைத்தேன்.

பதினேழு வயசான சின்ன ஜப்பான் கார். இந்த ஊரில் பத்து வருஷமானால் காரைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். நான்தான் பிடிவாதமாகப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏர்கானில் காற்று வருவது நமக்குத் தோன்றினால்தான் உண்டு. ரேடியேட்டர் ஓரத்தில் பச்சைத் தண்ணீர் கசிந்தது. தலைப்பிரசவம் என்பதால் பிள்ளையும் தாயும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். இந்தக் காரில்தான் கூட்டிவருவேன் என்று நான் ஒருவனாகவே முடிவு செய்துகொண்டேன்.

குவீன்ஸ்டவுனில் எங்களுடையது பழைய தரைவீடு. வாசலில் ஒரு கார் நிற்க இடமுண்டு. பணி ஓய்வு பெறும்வரை முப்பத்தோரு வருஷம் லிப்ட் டெக்னீஷியனாக இருந்தவன் நான். வேலை முடிந்தால் முதலில் நானே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்களை விடுவேன். ஆகவே ஒரு காரெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. ஜாலான் புசாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் அஜீஸ், என் பழைய சிநேகிதர், ரேடியேட்டரையும் ஏர்கான் காற்றாடிக்கு மோட்டாரையும் தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

"சேதுண்ணே, ரேடியேட்டர் மாட்டிட்டு எஞ்சினை ஓட விடுங்க. முன்னாடி விசிறி ரெண்டு தடவை சுத்தி நிக்கிற வரைக்கும் அணைக்காதீங்க" என்றார்.

"எனக்கே சொல்றீங்களா பாய்?"

"உங்களுக்குத்தான் சொல்லணும். மத்தவங்க கேட்டுக்குவாங்க லா."

நான்கு வாரம் வாசலிலேயே கிடந்தேன். ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், மோட்டார், காற்று வடிகட்டி எல்லாம் புதுசு. மங்கிக் கிடந்த முன்விளக்குகளைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினேன். பின்னால் பார்க்க ஒரு கேமரா, கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் தாள், பின்சீட்டில் பச்சைக்குழந்தைக்கான இருக்கை. அந்த இருக்கையை மட்டும் பதினோரு தடவை கழற்றி மாட்டியிருப்பேன். புதன்கிழமை விடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். ஏர்கான் பல்லைக் கிட்ட வைத்தது. எஞ்சின் சூடும் ஏறவில்லை. அஜீஸ் சொன்னதுபோல நிறுத்தி வைத்து விசிறியைப் பார்க்கவில்லை. அதான் ஜோராக ஓடுகிறதே, இன்னும் என்ன என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வீட்டுக்கு விடுகிறோம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். லீலா காலண்டரைப் பார்த்தாள்.

"பத்தரையிலிருந்து பன்னண்டு ராகு காலம். புள்ளைய எடுக்கப் போறதுக்கு அதுலயா கிளம்புவாங்க?"

"அப்ப புள்ளைய அங்கேயே விட்டுட்டு வந்துருவோமா?"

"விதண்டாவாதம் பேசாதீங்க. பத்து இருபதுக்கே ஸ்டார்ட் பண்ணி, வண்டிய கேட்டுக்கு வெளிய நிறுத்திடுங்க. கிளம்பியாச்சுன்னு கணக்கு. எஞ்சினை மட்டும் அணைக்காதீங்க."

ராகுவை இப்படி ஏமாற்றலாம் என்றால் அவர் என்ன கிரகம் என்று கேட்டேன். அவள் பால் புட்டிகளைப் பையில் அடுக்கினாள். ஏழு வாரமாக அவள் தூங்கியது குறைவு, நடந்தது அதிகம். சரி, ஒழியட்டும் என்று பத்து இருபதுக்குக் காரை வெளியே எடுத்து நிறுத்தி, ஏர்கானைப் போட்டு உட்கார்ந்தேன். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இந்த ஊரில் குற்றம் வேறு. யாராவது வந்தால் ராகுவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கால்மணி நேரம் போயிருக்கும். முகத்தில் அடித்த காற்று வெதுவெதுப்பாக மாறியது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதியில் நிற்க வேண்டிய முள் முக்கால் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தேன். அனல் அடித்தது. ரேடியேட்டரோடு இருக்கும் விசிறி இத்தனை நேரமும் சுற்றவே இல்லை. அதன் ஒயர் எங்கும் சொருகப்படாமல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ரேடியேட்டரைக் கழற்றும்போது நானே பிடுங்கிவிட்ட ஒயர்.

புதன்கிழமை வண்டி வேகமாகப் போனதால் எதிர்க்காற்றே விசிறி வேலையைச் செய்துவிட்டது. இன்றைக்குத் திரும்பும்போது சுரங்கச் சாலையில் நெரிசலில் நின்றிருந்தால்? பிள்ளைக்கு வெக்கையும் ஆகாது, அதிகக் குளிரும் ஆகாது என்று தாதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டேகால் கிலோ உயிரை வைத்துக்கொண்டு, கொதிக்கிற காரோடு சுரங்கத்துக்குள் நின்றிருப்பேன்.

ஒயரைச் சொருகிச் சாவியைத் திருப்பினேன். விசிறி உடனே சுற்றியது. லீலா பையோடு வெளியே வந்தாள்.

"நடுவுல எஞ்சினை அணைச்சிட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல. மொதல்ல ஸ்டார்ட் பண்ணதுதான் கணக்கு" என்றாள்.

முள் இறங்கியதும் கிளம்பினோம். வழியெல்லாம் விசிறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். கார் ஒரு குறையும் வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. லீலாவும் சொல்லமாட்டாள். ஆனால் ஒரு ஒயரை மறந்தவன் இன்னொன்றை மறந்திருக்கமாட்டானா? பிரேக் பக்கம் கைவைத்தேனா? பெல்ட்? வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பட்டியல் வைத்து டிக் போட்டவன், சொந்த வீட்டில் மனக்கணக்கை நம்பியிருக்கிறேன்.

மருத்துவமனை வாசலில் அனு பிள்ளையோடு நின்றாள். துணிக்குள் ஒரு மூக்கும் இரண்டு மூடிய கண்ணும்தான் தெரிந்தன. ஜெய் காரைப் பார்த்து, "மாமா, புது வண்டி மாதிரி ஆக்கிட்டீங்க" என்றான். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அனு, விசிறி ஒயரை மாட்ட மறந்துட்டேன்மா. காலையில தற்செயலாத்தான் பார்த்தேன். இப்ப மாட்டியாச்சு, நல்லா ஓடுது."

"வேற ஏதாச்சும் மறந்திருப்பீங்களாப்பா?"

"தெரியலம்மா."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப சீட்ட மட்டும் கழட்டிக் குடுங்கப்பா. நாங்க டாக்ஸில வந்துடுறோம்" என்றாள். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

குழந்தை இருக்கையைக் கழற்றி டாக்ஸியில் நானே மாட்டினேன். அந்த டாக்ஸிக்காரர், வயசான சீனர், மீட்டரைப் போடாமல் பொறுமையாக நின்று பெல்ட்டைப் பிடித்துக் கொடுத்தார். நான் இருக்கையை மூன்று தடவை ஆட்டிப் பார்த்தேன். அவரும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

டாக்ஸி முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். அவர் ஐம்பதைத் தாண்டவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசார நினைத்தேன். நடுவில் எந்த வண்டியும் நுழையாமல் பார்த்துக்கொண்டேன். லீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முந்திப் போங்க. நான் போய் ஆரத்தி கரைக்க வேண்டாமா?"

"முடியாது. நான் பின்னாடிதான் வருவேன்."

"என்ன மனுஷனோ" என்றாள். ஆனால் கையை என் தோள்மேல் வைத்து, வீடு வரும்வரை எடுக்கவில்லை. அவளுடைய காலண்டரைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். ராகுவை இன்னும் நான் நம்பவில்லை. அவளை நம்புகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜெய் டாக்ஸியிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஆரத்தி எடுக்காமல் உள்ளே போகக்கூடாதென்று அனு பிள்ளையோடு வாசல் நிழலில் நின்றாள். லீலா உள்ளே ஓடினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கார் சாவியை உருட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா, செவ்வாக்கிழமை காலையில பாப்பாவுக்கு செக்கப். நம்ம கார்ல போயிடலாமா?" என்றாள் அனு.

"அதான் டாக்ஸி இருக்கேம்மா."

"நாலு நாள் இருக்கு. எல்லாத்தையும் இன்னொரு தடவை பாருங்க. எது சரியில்லன்னாலும் நீங்க எங்கிட்ட சொல்லிடுவீங்கன்னு இப்பத் தெரியும்ல. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பெட்டிக்கு வெளியே, கண்ணாடி இல்லாமல், அவளை நான் தொடுவது அதுதான் முதல் தடவை. நகத்து இடுக்கில் எஞ்சின் கறுப்பு இருந்தது. அனு அதைப் பார்த்தும் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. சொன்னால் வேற்று ஆள் மாதிரி இருக்கும்.

"தேங்க்ஸ்மா" என்றேன்.